கண்புரை: முத்தும்வரை காத்திருக்க வேண்டாம்

கண்புரைக்கு வலி கிடையாது. கண் சிவக்காது, பீளை தள்ளாது. அதனாலேயே ஒரே வீட்டில் இருந்தும் பெரியவருக்குப் பார்வை குறைந்துகொண்டு வருவது மற்றவர்களுக்கு வருஷக்கணக்கில் தெரியாமல் போகிறது. அவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "வயசாச்சுல்ல, அப்படித்தான்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, செய்கிற வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார். ஆகவே புரையைக் கண்டுபிடிக்க விரும்புகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது, அவர் எந்தெந்த வேலையை விட்டார் என்பதைத்தான்.

மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் மல்லி வாங்கிச் சரம் கட்டும் அம்மாவுக்குக் கட்டுவதில் சிரமம் வராது. நார் சுற்றுவதும் முடிச்சுப் போடுவதும் கைப்பழக்கம். பழுப்பேறிய மொட்டை ஒதுக்குவதில்தான் தடுமாற்றம் வரும். புரை விழுந்த லென்ஸ் மஞ்சளித்துப் போவதால் வெள்ளைக்கும் இளம் பழுப்புக்கும் உள்ள வித்தியாசம் மங்கிவிடும். சரத்தில் வாடிய மொட்டு இருக்கிறதென்று வாங்க வந்தவர் சொல்லும்போதுதான் அவருக்கே தெரியும். பெரியார் நிலையத்தில் பஸ் போர்டைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்பவரிடம் நம்பர் கேட்பது, அரிசியில் கல் பொறுக்குவதை மருமகளிடம் தள்ளிவிடுவது, கடைசிப் படியில் காலைத் துழாவி வைப்பது, இருட்டினால் வண்டியை எடுக்காமல் தவிர்ப்பது எல்லாம் இதே கணக்கில் சேரும். ரிங் ரோட்டில் எதிரே வரும் லாரியின் விளக்கு பரந்து சிதறி, ரோடே தெரியாமல் போகிறது என்று ஐம்பதைத் தாண்டிய ஒருவர் சொன்னால், கண்ணாடியை மாற்றுவதற்கு முன் புரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு அறிகுறி சந்தோஷச் செய்திபோல வரும். பத்து வருஷமாகக் கண்ணாடி போட்டுப் பேப்பர் படித்த தாத்தா ஒருநாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டே படிக்கிறார். கண் திரும்பி வந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறார். லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது கிட்டப்பார்வை கூடும். அதனால் கிடைக்கும் தற்காலிக வசதிதான் இது. சில மாதங்களிலோ ஒன்றிரண்டு வருஷத்திலோ அதுவும் போய்விடும்.

உள்ளே நடப்பது என்ன

கண்ணின் கருமணிக்கு நடுவே கறுப்பாகத் தெரியும் வட்டத்தைப் பாப்பா என்கிறோம். அதற்குப் பின்னால், மெல்லிய பைக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. பெரும்பகுதி நீரும் புரதமும்தான். புரத இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும்வரை வெளிச்சம் ஊடுருவிப் போகும். வயது ஏற ஏற அந்தப் புரதம் திரிந்து கட்டிகட்டியாகச் சேரும்போது லென்ஸ் கலங்குகிறது. அதுதான் புரை. கண்ணுக்கு மேல் தோலோ சதையோ வளர்ந்து மூடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். புரை இருப்பது கண்ணுக்குள்ளே. ஆகவே அதை உரிக்கவும் முடியாது, மருந்து ஊற்றிக் கரைக்கவும் முடியாது.

எல்லாப் புரையும் ஒரே மாதிரி வராது. லென்ஸின் நடு மையம் மஞ்சளாகிப் பழுப்பாவது ஒரு வகை. இது மெதுவாக வரும், தூரப்பார்வையை முதலில் கெடுக்கும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கீற்றுக் கீற்றாக வருவது இன்னொரு வகை. மூன்றாவது லென்ஸின் பின்பக்கத்தில் படிவது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கும் இது நாற்பது வயதிலேயே வரலாம், சில மாதங்களிலேயே முற்றலாம். "வெயிலில் போனால் ஒன்றும் தெரியவில்லை, சாயங்காலம் ஆனால் பரவாயில்லை" என்று யாராவது சொன்னால் இந்த வகையைச் சந்தேகிக்க வேண்டும். வெளிச்சத்தில் பாப்பா சுருங்கும்போது, வெளிச்சம் போகிற ஒரே வழியையும் அந்தப் படிவு அடைத்துக்கொள்கிறது.

வீட்டில் ஒரு சோதனை

ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றதன் குறை தெரியாது. பலருக்கு ஒரு கண் முழுதாக மங்கியதே, இன்னொரு கண்ணில் தூசி விழுந்து கசக்கும்போதுதான் தெரியவருகிறது. ஆகவே இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்த்தால் பயனில்லை. சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரைப் பயன்படுத்துங்கள். பகல் வெளிச்சத்தில், பத்தடி தள்ளிப் பெரியவரை நிற்கவைத்து, வழக்கமான கண்ணாடியைப் போட்டபடியே, ஒரு கண்ணை அவர் உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். அழுத்தக் கூடாது, விரலிடுக்கில் பார்க்கவும் கூடாது. தேதியையும் கிழமையையும் வாசிக்கச் சொல்லிவிட்டு, மற்றக் கண்ணிலும் அப்படியே செய்யுங்கள். இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்தாலோ, வீட்டில் கண் நன்றாக இருப்பவர் படிக்கும் வரியை இவரால் படிக்க முடியாவிட்டாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். நாற்பது வயதைக் கடந்த எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்து பார்ப்பது நல்லது.

டார்ச் அடித்துப் பார்த்துப் பாப்பா வெள்ளையாகத் தெரிந்தால் அது நன்றாக முற்றிய புரை. வெள்ளை தெரியவில்லை என்பதால் புரை இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். தொந்தரவு தரும் புரைகளில் பெரும்பாலானவை டார்ச்சுக்குத் தெரியாது. சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து, கருவி வழியே பார்த்தால்தான் தெரியும்.

பார்வைக் குறைவெல்லாம் புரையும் அல்ல. நாற்பதுக்கு மேல் கிட்ட உள்ளது தெரியாமல் போவது வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டால் தீர்ந்தது. நெல் தூசோ கருவேல முள்ளோ பட்டுப் புண்ணாகி ஆறிய தழும்பை 'பூ விழுந்த கண்' என்பார்கள். மூக்கோரத்திலிருந்து கருவிழி மேல் ஏறுவது சதை வளர்ச்சி. இந்த மூன்றைவிடக் கவலைப்பட வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று கண் அழுத்த நோய், மற்றது சர்க்கரையால் விழித்திரையில் வரும் ரத்தக் கசிவு. புரையால் மறைந்த பார்வை ஆபரேஷனுக்குப் பின் திரும்ப வரும். கண் அழுத்தத்தால் நரம்பு பட்டுப்போய் இழந்த பார்வை திரும்பவே திரும்பாது. "புரைதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நாமே முடிவுகட்டி வீட்டில் இருப்பதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். என்ன நோய் என்பதை மட்டுமாவது சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டும். பார்வை திடீரென்று போனாலோ, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ, கண் சிவந்து தலைவலியும் வாந்தியும் சேர்ந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முத்தட்டும் என்ற பேச்சு

"இன்னும் முத்தல, முத்தினதும் எடுத்துக்கலாம்" என்று கிராமங்களில் இன்றும் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னதுதான் இது. அப்போது லென்ஸை அதன் பையோடு முழுதாக வெளியே எடுத்தார்கள். எடுத்த இடத்தில் வைக்க ஒன்றும் இல்லை. சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. அதைப் போட்டால் நேரே உள்ளது பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் உள்ளது மறையும், வரப்பில் நடந்தால் கால் இடறும். ஒரு கண்ணில் மட்டும் எடுத்தால் இரண்டு கண்ணும் ஒத்துப்போகாது. அந்த நிலையில், கண் அநேகமாகப் போகும்வரை காத்திருப்பதில் நியாயம் இருந்தது.

அந்த நியாயம் போய் வெகுகாலம் ஆகிறது. 1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் முதன்முதலில் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். உடைந்த விமானக் கண்ணாடியின் அக்ரிலிக் சில்லுகள் போர் விமானிகளின் கண்ணுக்குள் கிடந்தும் கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டதைப் பார்த்து வந்த யோசனை அது. நம் ஊர் ஏழைக்கு அது எட்டுவதற்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வெளிநாட்டு லென்ஸ் ஒன்று 100 டாலர் விலை விற்றது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி அதே லென்ஸைப் பத்து டாலர் அளவுக்கும், பிறகு அதற்கும் கீழேயும் கொண்டுவந்தார்கள். 1990-களில் மதுரையிலேயே 3400 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, லென்ஸ் வைக்கும் ஆபரேஷனையும் சோடாபுட்டிக் கண்ணாடி முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். லென்ஸ் வைத்தவர்களுக்கே பார்வையும் அன்றாட நடமாட்டமும் மேலாக இருந்தன. இலவச ஆபரேஷனிலும் லென்ஸ் வைக்கலாம் என்ற வாதத்துக்கு அது வலுச் சேர்த்தது.

இப்போது காத்திருப்பதால் கெடுதல்தான். அளவுக்கு மீறி முற்றிய லென்ஸ் ஊறிப் பருத்துக் கண்ணின் அழுத்தத்தை ஏற்றும், அல்லது உள்ளிருந்து கசிந்து அழற்சி உண்டாக்கும். அதுவரை வலியே இல்லாதிருந்த கண்ணில் பொறுக்க முடியாத வலி வரும். ஒற்றைத் தலைவலி என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு இரண்டு நாள் தள்ளினால் நரம்பு போய்விடும். பழுப்பேறிக் கெட்டிப்பட்ட லென்ஸை எடுப்பது டாக்டருக்கும் சிரமம், காயம் ஆறவும் நாளாகும்.

அதற்காகப் புரை என்று சொன்ன மறுநாளே டேபிளில் படுக்க வேண்டியதில்லை. ஆரம்பப் புரைக்குக் கண்ணாடி நம்பரை மாற்றினாலே ஒன்றிரண்டு வருஷம் ஓட்டலாம். எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் ஒன்றுதான்: உங்களுக்கு வேண்டிய வேலையைச் செய்யப் பார்வை போதவில்லையா? அப்படியானால் நேரம் வந்துவிட்டது. தையல்காரருக்கும் ராத்திரி ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் அது சீக்கிரம் வரும். வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேரனோடு பேசிக்கொண்டிருப்பவருக்குக் கொஞ்சம் தாமதமாக வரும். ஆனால் திண்ணைக்காரரும் கழிப்பறைக்குத் தனியாகப் போக வேண்டும், விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதை வீட்டார் மறக்கக் கூடாது. "இந்த வயசுக்கு மேல எனக்கு எதுக்குய்யா ஆபரேஷன்" என்று அப்பத்தா சொல்வது பல நேரம் மகனின் செலவையும் லீவையும் நினைத்துத்தான்.

பலன் தராதவை

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று எது விற்றாலும் வாங்காதீர்கள். வைட்டமின் மாத்திரை தடுக்குமா என்று மதுரையை ஒட்டிய கிராமங்களிலேயே சோதித்திருக்கிறார்கள். 798 பேருக்கு ஐந்து வருஷம், வாரத்துக்கு மூன்று முறை, ஒரு பிரிவுக்கு ஏ, சி, இ வைட்டமின்களும் இன்னொரு பிரிவுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். 2006-இல் முடிவு வெளிவந்தது. புரை வளர்வதில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், வெங்காயச் சாறு, இலைச்சாறு ஆகியவை புரைக்கு உதவாதது மட்டுமல்ல, கருவிழியில் புண்ணை உண்டாக்கி நிரந்தரமாகப் பார்வையைக் கெடுக்கக் கூடியவை. கண் அரிக்கிறது என்று மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து இன்னும் மோசம். அதுவே புரையையும் கண் அழுத்த நோயையும் வரவழைக்கும்.

வயதைத் தடுக்க முடியாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, பீடி சிகரெட்டை விடுவது, விறகடுப்புப் புகையில் முகத்தைக் கொடுக்காமல் இருப்பது, வெயில் வேலையில் தலைக்குத் துண்டோ தொப்பியோ போடுவது ஆகியவை நம் கையில் இருக்கின்றன.

எங்கே போவது

மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையால் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்கு ஆபரேஷன் செய்தவர் அவர். அங்கே பணம் கொடுத்துப் பார்க்கும் பிரிவும் இலவசப் பிரிவும் தனித்தனியாக உண்டு. முந்தையதன் வருமானம் பிந்தையதைத் தாங்குகிறது. டாக்டர்கள் இரு பிரிவிலும் மாறி மாறிப் பணியாற்றுகிறார்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் புரை ஆபரேஷனும் லென்ஸும் இலவசம்.

கிராமத்தில் இருப்பவருக்கு எளிய வழி கண் முகாம். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ நடக்கும். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய், சாப்பாடும் இடமும் கொடுத்து, முடிந்ததும் ஊரிலேயே கொண்டுவந்து விடுவார்கள். மாற்றுத் துணி, சாப்பிடும் மாத்திரைகள், சர்க்கரை நோட்டு இவற்றோடு போனால் வீட்டுக்குத் திரும்பி இன்னொரு நாள் வர வேண்டியிராது. ஆனால் முகாமை மட்டும் நம்பினால் போதாது என்பதும் தெரிந்த விஷயம். 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் கண் குறை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட முகாமுக்கு வரவில்லை என்று கண்டது. பிறகுதான் நிரந்தரமாக ஊரிலேயே இருக்கும் பார்வை மையங்கள் பெருகின. ஆண்டிபட்டி, போடி போன்ற ஊர்களின் மையங்களைத் தேனி அரவிந்த் மருத்துவமனையோடு கம்பியில்லா இணைப்பில் கோத்தார்கள். பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கருவியில் கண்ணைப் பார்த்துச் சொல்ல, டாக்டர் திரையில் நோயாளியோடு நேரே பேசுவார். பஸ் செலவுக்கும் ஒருநாள் கூலிக்கும் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இது.

ஆபரேஷனுக்கு முன்னும் அன்றும்

டாக்டர் கேட்காவிட்டாலும் மூன்று விஷயங்களை நீங்களே சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். ஆண்கள், சிறுநீர் அடைப்புக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிட்டிருந்தால், முன்பே விட்டிருந்தாலும்கூடச் சொல்ல வேண்டும். பாப்பா சரியாக விரியாது, அதைச் சுற்றியுள்ள சவ்வும் தொளதொளத்துப்போகும், அதற்கேற்ப டாக்டர் தயாராக வேண்டியிருக்கும். மூன்றாவது, ஓயாமல் கண்ணீர் வடிகிறதா என்பது. கண்ணீர்ப் பையில் சீழ் இருந்தால் அதைக் குணமாக்கிய பிறகே புரையைத் தொட வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு விழித்திரையையும் பார்ப்பார்கள்.

லென்ஸ் எந்த வகை என்ற கேள்வியில் குடும்பங்கள் மிகவும் குழம்புகின்றன. சாதாரண லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான் தெளிவு தரும். தூரத்துக்கு வைத்தால் படிக்கக் கண்ணாடி வேண்டும். கிட்டவும் எட்டவும் தெரியும் விலை உயர்ந்த லென்ஸ்கள் உண்டு, ஆனால் ராத்திரி விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதாகச் சிலர் வருந்துகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சாதாரண லென்ஸே போதும், அதற்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் உங்கள் வேலை என்ன என்பதை அளவெடுக்கும்போதே சொல்லுங்கள். நாள் முழுக்கக் கிட்டப் பார்த்துத் தைக்கிறவர் ஒருவேளை கிட்டப்பார்வைக்கு லென்ஸ் வைத்துக்கொள்ள விரும்பலாம்.

ஆபரேஷன் முறை இரண்டு. ஒன்றில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியே ஒலி அதிர்வால் லென்ஸை உடைத்து உறிஞ்சி, மடிக்கும் லென்ஸை வைப்பார்கள். மற்றதில் ஆறேழு மில்லிமீட்டர் கீறி, லென்ஸைக் கையாலேயே வெளியே கொண்டுவருவார்கள். அதற்கும் தையல் வேண்டியதில்லை. இதில் எதுவும் லேசர் அல்ல, பேச்சுவழக்கில்தான் அப்படி ஆகிவிட்டது. கைமுறையை மட்டமாக நினைக்காதீர்கள். வெள்ளையாக முற்றிய புரைகளில் இரண்டையும் ஒப்பிட்டுப் புதுச்சேரி அரவிந்தில் நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. பார்வை ஒரே தரத்தில்தான் இருந்தது, கைமுறையில் நேரம் குறைந்தது.

ஆபரேஷன் அன்று முகம் கழுவி, பாப்பா விரிய மருந்து விடுவார்கள். சிலருக்குக் கண்ணருகே மரத்துப்போக ஊசி, சிலருக்குச் சொட்டு மருந்து மட்டும். நினைவு இருக்கும், பேச்சுக் கேட்கும், மேலே வெளிச்சம் தெரியும், வலி இருக்காது. இரண்டு டேபிள்களை அடுத்தடுத்துப் போட்டு, ஒன்றில் முடிந்ததும் நுண்ணோக்கியைத் திருப்பி அடுத்ததற்கு டாக்டர் போவது அரவிந்தின் பழக்கம். கால் மணி நேரத்துக்குள் உங்கள் முறை முடிந்துவிடும். இருமல் வந்தால் அடக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்து செலுத்துகிறார்கள். ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்களை வைத்துப் பார்த்ததில், கண்ணுக்குள் கிருமித்தொற்று பத்தாயிரத்துக்கு ஏழிலிருந்து இரண்டாக அதனால் குறைந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு

பத்தாயிரத்தில் தொற்று வரும் அந்த இரண்டு பேரில் ஒருவர் நம் வீட்டவராக இருக்கலாம் என்பதால் முதல் வாரம் கவனம் வேண்டும். கண் கொஞ்சம் உறுத்தும், கூசும், அது சாதாரணம். பார்வை முதல் நாளைவிடக் குறைந்தாலோ, வலி கூடினாலோ, சிவப்பு ஏறினாலோ, சீழ் வந்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் போய்விடுங்கள். சில மணி நேரம்கூட முக்கியம்.

சொட்டு மருந்தைச் சீட்டில் உள்ளபடி, படிப்படியாகக் குறைத்து, நாலைந்து வாரம் விட வேண்டும். கண் நன்றாகத் தெரிகிறது என்று பத்தாவது நாளே நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழிமையை லேசாக இழுத்து, புட்டியின் நுனி இமையிலோ கண்ணிலோ படாமல் ஒரு சொட்டு விடுங்கள். இரண்டு மருந்து இருந்தால் இடையே ஐந்து நிமிஷம் விடுங்கள். அந்த நாட்களில் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, குடமோ மூட்டையோ தூக்கக் கூடாது, புழுதி பறக்கும் களத்து வேலைக்கும் போகக் கூடாது. சாப்பாட்டில் பத்தியம் எதுவும் இல்லை. மீனும் கறியும் சாப்பிட்டால் புண் ஆறாது என்று வயதானவரைப் பட்டினி போடாதீர்கள். ஒரு மாதம் கழித்துக் கண்ணாடிக்கு அளவெடுப்பார்கள். அந்தச் சோதனைக்குப் போகாமல் விட்டால் ஆபரேஷனின் பலனில் ஒரு பங்கை இழப்பீர்கள். லென்ஸின் பவர் எழுதிய அட்டையைப் பத்திரமாக வையுங்கள், இரண்டாவது கண்ணுக்கு அளவு பார்க்கும்போது அது உதவும்.

சில மாதங்களோ வருஷங்களோ கழித்து மறுபடி மங்கினால், "புரை திரும்ப வந்துடுச்சு" என்பார்கள். எடுத்த லென்ஸ் திரும்ப வளராது. புதிய லென்ஸைத் தாங்கும் மெல்லிய பையின் பின்பக்கம் கலங்கியிருக்கும். இதற்குத்தான் உண்மையிலேயே லேசர் பயன்படுகிறது. கருவியின் முன்னால் தாடையை வைத்து உட்கார்ந்தால் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். கத்தி இல்லை, கட்டு இல்லை, பஸ் ஏறி அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடலாம்.